மூன்று தடவை அடித்தால்

இளங்கோவன் எதையும் சொன்ன விலைக்கு வாங்கினவன் இல்லை. விருதுநகரில் அவன் அப்பாவுக்கு வத்தல் மண்டி. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவன் காதில் விழுந்ததெல்லாம் பேரம்தான். ஹைதராபாத்துக்கு வந்து பதினேழு வருஷம் ஆயிற்று. ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், கொண்டாபூரில் மூன்று படுக்கையறை ஃப்ளாட் என்று எல்லாம் அமைந்த பிறகும் பல் டாக்டரிடம் போய், "ரெண்டு பல்லையும் சேர்த்துப் பிடுங்கினா என்ன போட்டுக் குடுப்பீங்க?" என்று கேட்டவன். டாக்டர் சிரித்தார். இவன் சிரிக்கவில்லை. கடைசியில் பல் சுத்தம் செய்தது இலவசம்.

அப்பேர்ப்பட்டவன் தொண்டு செய்யக் கிளம்பினான் என்றால் யார் நம்புவார்கள்? அவன் மனைவி சௌம்யாவே நம்பவில்லை. விஷயம் இதுதான்: கம்பெனியின் வருஷாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. சமூக சேவைக்குக் கொடுத்த மணி நேரம் எவ்வளவு? நாற்பது மணி நேரம் இருந்தால் நல்லது என்று மேலே இருப்பவர் சாடையாகச் சொன்னார்.

"புண்ணியத்துக்கும் டைம்ஷீட்டா?" என்றாள் சௌம்யா.

"எழுதி வைக்காத புண்ணியத்த எவன் நம்புவான்?" என்றான் இவன்.

ஏற்பாடு எளிமையானது. ஊரிலுள்ள சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்களைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் புரோகிராம் எழுத ஒருவரையும், அவரை மேய்க்க ஒரு வழிகாட்டியையும் கம்பெனி கொடுக்கும். பன்னிரண்டு வாரம். முடிவில் மாதாப்பூரில் ஒரு அரங்கம், மேடை, ஆளுக்கு ஐந்து நிமிஷம், முதல் பரிசு. இளங்கோவனுக்கு வந்தது மெட்டுகுடாவில் 'நலமா' என்ற அமைப்பு.

ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய சந்தில் இரண்டு அறை. அதை நடத்துகிற ஷோபாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பா காலத்தில் குடியாத்தத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். தனியாக வாழும் நூற்றுப்பதினான்கு வயசாளிகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால்வாசிப் பேர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் டாலஸில் இருந்தார்கள், துபாயில் இருந்தார்கள். சிலருடைய பிள்ளைகள் இதே ஊரில், அல்வாலில்தான் இருந்தார்கள். அவர்கள்தான் வருவதே இல்லை.

வேலை முறை இப்படி. தினமும் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் ஒவ்வொருவரும் ஷோபாவின் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். ஒரு தடவை அடித்தால், உயிரோடு இருக்கிறேன். இரண்டு தடவை அடித்தால், ஏதோ வேணும், ஒழிந்தபோது வா. மூன்று தடவை அடித்தால், இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வா. ஷோபா மடியில் நீளநோட்டை வைத்துக்கொண்டு பேருக்கு நேரே கோடு போடுவாள். கோடு விழாத பேருக்கு அவளே கூப்பிடுவாள். பத்து வருஷமாக இதுதான்.

இந்தக் கோட்டுக் கணக்கைக் கண்டுபிடித்தவள் மங்கையர்க்கரசி. எழுபத்து நாலு வயது. முப்பது வருஷம் செகந்திராபாத் ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஊரு பூரா ஆம்பளைங்க பேசறத காதால கேட்டுட்டேன், அப்புறம் எதுக்கு?" என்பாள். முதல் நாள் ஷோபா இளங்கோவனை அவள் வீட்டுக்குத்தான் கூட்டிப்போனாள்.

"எந்த ஊருப்பா?"

"விருதுநகர்ம்மா."

"அதானே பாத்தேன். வாசல்ல செருப்பு விடறப்பவே என் மிக்ஸிய எட்டிப் பாத்து வெல போட்டுட்டியே."

இளங்கோவனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. வியாபாரிக்கு வியாபாரி தெரியும்.

"இனிமே ஷோபா எடுக்கமாட்டாளாமே? மிஷினு எடுக்குமாமே?"

"எடுக்காதும்மா. ஒரு ரிங் போனதும் அதுவே கட் பண்ணிடும். உங்களுக்கு மெசேஜ் வரும்."

"லைன கட் பண்றதுதான் தம்பி நான் முப்பது வருஷம் பாத்த வேலை. ஆனா கட் பண்றதுக்கு முன்னாடி ஒரு செகண்டு காது குடுப்போம். யாராச்சும் இன்னும் பேசிட்டு இருக்காங்களான்னு." சொல்லிவிட்டு எழுந்தாள். "காப்பி குடிக்கறயா? எட்டு மணிக்குக் காப்பி, எட்டு பத்துக்கு கால். எனக்கு மாறாது."

புரோகிராம் எழுத வந்தவள் அக்ஷதா. இருபத்து நாலு வயது, அல்வாலில் ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள், அவசரத்தில் தெலுங்கு வரும். கெட்டிக்காரி.

இரண்டாவது வாரம் ஷோபா தன் தேவைகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு. இளங்கோவன் பேனாவைத் திறந்தான். பேனாவைத் திறந்துவிட்டால் அவன் வேறு ஆள். மருந்து ஞாபகம் வேண்டுமா, அடித்தான். பிள்ளைகளுக்கு வாராந்திரக் கடிதமா, அடித்தான். தெலுங்கு, உருது, தமிழ் மூன்றுமா, தமிழும் தெலுங்கும் போதும். இப்படியே ஏழாவதுக்கு வந்தான். 'எத்தனை தடவை அடிச்சாங்கன்னு தெரியணும்.'

"சார், இது நக்கோ, வேண்டாம். இத மட்டும் அடிக்காதீங்க," என்றாள் ஷோபா.

அக்ஷதா திரையைத் திருப்பிக் காட்டினாள். எண்ணுவது கஷ்டமில்லை, ஆனால் முதல் கால் வந்ததும் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும், அடுத்தது வருகிறதா என்று. பத்து நிமிஷம் கழித்துத்தான் பேருக்கு நேரே பச்சை எரியும்.

"மேடையில நமக்கு இருக்கறதே அஞ்சு நிமிஷம்," என்றான் இளங்கோவன். "அடிச்சா உடனே பச்சை எரியணும். ஜனங்க அதத்தான் பாப்பாங்க. சரி, ஷோபா மேடம், போன வருஷம் இந்த மூணு அடி எத்தனை வந்துச்சு?"

"நாலு."

"மொத்தம் எத்தனை கால்?"

அவள் யோசித்தாள். அவனே போனில் பெருக்கினான். "நாப்பத்தோராயிரம் சொச்சம். நாப்பதாயிரத்துல நாலு. மேடம், எங்கப்பா மண்டியில மூட்டைக்கு இத்தனை வத்தல் சொத்தைன்னு தள்ளுவாரு. இது அந்தக் கணக்குல கூட வராது. விழா முடிஞ்சு ரெண்டாவது கட்டத்துல வச்சுக்கலாம். ஒன்றரை மாசம்."

"அதுவரைக்கும் நோட்டும் இருக்கட்டுமே சார். நானும் பக்கத்துல கோடு போட்டுட்டு..."

"ஒரே சரக்கை ரெண்டு தராசுல நிறுத்தா ரெண்டு எடைதான் காட்டும். அப்புறம் எது நிஜம்னு சண்டை வரும். ஏதாவது ஒண்ணு."

ஷோபா பேரம் தெரியாதவள் இல்லை. மோண்டா மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்காரனை அழவிட்டவள்தான். ஆனால் அங்கே வேண்டாம் என்று திரும்பி நடந்தால் அவன் கூப்பிடுவான். இங்கே திரும்பி நடந்தால் கம்பெனியே போய்விடும். கேட்டது பன்னிரண்டு, கிடைத்தது ஐந்து. அதையும் இழக்க அவளுக்கு மனசில்லை.

"பெரியவங்ககிட்ட சொல்லிடட்டுமா, மூணு அடி இப்ப வேலை செய்யாதுன்னு?"

"எதுக்கு மேடம் பயமுறுத்தணும்? விழா முடிஞ்ச ஒன்றரை மாசத்துல வந்துடும். பழகினத மாத்திட்டு மறுபடி மாத்தினா குழம்பிப்போவாங்க."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அவன் பேச்சில் நியாயமில்லாதது எதுவுமே இருக்காது. அதுதான் அதில் கஷ்டம்.

பன்னிரண்டாவது வாரம் ஷோபாவின் நம்பரை மிஷினுக்குத் திருப்பினார்கள். சோதனை ஓட்டத்தில் நூற்றுப்பதினான்கு பேருக்கு நூற்று முப்பத்தொரு கால் பதிவாயிற்று. கை நடுங்கி இரண்டு தரம் அமுக்கியவர்கள், பேரன் விளையாடியது, சுகர் மாத்திரை வேண்டும் என்று உண்மையாகவே இரண்டு அடித்தவர்கள், எல்லாம் கலந்து கிடந்தது. இளங்கோவனுக்கு அந்த எண் கண்ணை உறுத்தியது. ஆளைவிட அடி அதிகமாக இருந்தால் பார்க்கிறவன் சிரிப்பான். "ஒருத்தர்கிட்டேர்ந்து ஒண்ணுக்கு மேல வந்தா தூக்கிடு," என்றான். அக்ஷதா இரண்டு வரி எழுதினாள். மறுநாள் நூற்றுப்பதினாலுக்கு நூற்றுப்பதினாலு. கழுவி விட்ட தரை மாதிரி இருந்தது திரை. பதில் மெசேஜை இளங்கோவனே சுத்தத் தமிழில் எழுதினான்: 'நன்றி. நீங்கள் நலமாக இருப்பது பதிவு செய்யப்பட்டது.'

அந்தச் சனிக்கிழமை மாதாப்பூர் அரங்கம். ஏ.சி. குளிரில் முன்னூறு பேர். பதினொன்றரைக்கு அவர்கள் முறை, அதுதான் கடைசி. காத்திருக்கும்போது ஷோபா கையிலிருந்த டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், மங்கைக்கா ஏழு அம்பத்திரண்டுக்கு அடிச்சிருக்காங்க."

"பச்சை எரியுதுல்ல?"

"எரியுது. ஆனா எட்டு பத்துக்குதான் அடிப்பாங்க. காப்பி குடிக்காம அடிக்கவே மாட்டாங்க."

"இன்னிக்கு விழான்னு தெரியும்ல? உற்சாகத்துல முன்னாடியே அடிச்சிருப்பாங்க."

"ஒரு கால் பண்ணிப் பாத்துடறேன்."

"மேடம், நம்மள கூப்பிடறாங்க. இறங்கினதும் பண்ணுங்க. அஞ்சே நிமிஷம்."

மேடையில் இளங்கோவன் பிரமாதமாகப் பேசினான். ஓட்டைத் தராசையும் தங்கத் தராசு என்று விற்கிற நாக்கு அது. பின்னால் பெரிய திரையில் நூற்றுப்பதின்மூன்று பச்சை, ஒரே ஒரு மஞ்சள். மஞ்சள், மல்லாபூரில் இருக்கும் சலீம் பாய். "இப்ப பாருங்க," என்று சைகை காட்ட, ஷோபா மேடையிலிருந்தே ஸ்பீக்கரில் போட்டாள். "பாய், கால் குடுக்கலையே?" அரங்கம் முழுக்கச் சலீம் பாயின் குரல் அதிர்ந்தது: "ரீசார்ஜ் காலிமா! நான் சாகல, சாயா குடிக்கறேன்!" முன்னூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காசு கொடுத்தாலும் அப்படி ஒரு காட்சி அமையாது.

"இதோ முதல் வரி," என்று இளங்கோவன் திரையைத் தொட்டான். "மங்கையர்க்கரசி அம்மா. எழுபத்து நாலு வயசு, தனியா இருக்காங்க. காலைல ஏழு அம்பத்திரண்டு. நலம்."

கைதட்டல்.

உடனே மேடையிலேயே பரிசு அறிவித்தார்கள். முதல் பரிசு அவர்களுக்குத்தான். கண்ணாடியில் செய்த கோப்பை, போட்டோ, மேலதிகாரியின் கைகுலுக்கல். இறங்கியதும் ஷோபா கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மெட்ரோவுக்கு ஓடினாள். இளங்கோவன் பின்னாலேயே கோப்பையுடன் ஓடினான். வைத்துவிட்டு வர இடம் தெரியவில்லை.

மெட்டுகுடா வரை முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஷோபா பத்து நிலையம் வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். ஒரு மணிக்கு மங்கையர்க்கரசியின் கதவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நெம்பித் திறந்தார்கள்.

அவள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் வைக்கவே இல்லை. இடது கைக்குப் பக்கத்தில் போன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை ஷோபா அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். இளங்கோவன் போனை எடுத்துப் பார்த்தான். ஏழு ஐம்பத்திரண்டு. ஏழு ஐம்பத்து மூன்று. ஏழு ஐம்பத்தாறு. மூன்று தடவை. அதற்குக் கீழே அவன் எழுதிய வாக்கியம்.

நன்றி. நீங்கள் நலமாக இருப்பது பதிவு செய்யப்பட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூளையில் அடைப்பு என்றார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, திரும்புவது சந்தேகம். இளங்கோவன் கேட்டான், "காலைல எட்டரைக்குக் கொண்டுவந்திருந்தா?"

"நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தா ஒரு ஊசி இருக்கு. போட்டுப் பாத்திருக்கலாம்."

"போட்டிருந்தா பேச்சு வந்திருக்குமா?"

"வந்திருக்கலாம்."

"எத்தனை சதவீதம் சார்? பாதிக்குப் பாதின்னு வச்சுக்கலாமா? முப்பது?"

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"வாலன்டியர்," என்றான். சொன்னபோது அந்தச் சொல் வாயில் பொருந்தவில்லை.

வெளியே வராந்தாவில் அக்ஷதா வந்து நின்றிருந்தாள். லேப்டாப்பைத் திறந்து அவனுக்கு மட்டும் காட்டினாள். சர்வர் எதையும் மறக்கவில்லை. மூன்று காலும் வந்து சேர்ந்திருந்தன. இரண்டுக்கு நேரே 'மறுபதிவு, நீக்கப்பட்டது' என்று இருந்தது. "ஐ டிட் வாட் யூ ஸெட்," என்று தொடங்கி, முடிக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஷோபா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"மேடம், நான்..."

"நீங்க கணக்கு கேட்டீங்களே சார்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "போன வருஷம் நாலு. இந்த வருஷம் இதுதான் முதல். நாப்பதாயிரத்துல ஒண்ணு. உங்க கணக்குல தப்பே இல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மண்டியில் அம்மாவையும் அப்பாவையும் இழுத்துத் திட்டுவார்கள், அதற்குப் பதில் சொல்லத் தெரியும்.

"நான்தான் சொல்லியிருக்கணும்," என்றாள் அவள், தரையைப் பார்த்து. "மூணு அடிச்சா யாரும் வரமாட்டோம்னு மங்கைக்காகிட்டயாவது சொல்லியிருக்கணும். அஞ்சு கிடைச்சுதேன்னு வாய மூடிட்டேன். ஹவ், ஆமா, என் பேராசைதான். விடுங்க. நம்பரை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுங்க. இன்னிக்கே."

அன்று சாயங்காலமே நம்பர் அவள் போனுக்குத் திரும்பியது. அக்ஷதாவுக்கு நாலு நிமிஷ வேலை.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து மெயில். உள்வலைப் பத்திரிகையில் அவர்களைப் பற்றி ஒரு பக்கம் போடுகிறார்கள். கோப்பையுடன் இளங்கோவன் சிரிக்கிற படம். கீழே ஒரு வாக்கியம், அவன் ஒப்புதலுக்கு: 'நூற்றுப்பதினான்கு பெரியவர்கள் இன்று பத்திரமாக இருக்கிறார்கள்.' அவன் மதியம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நூற்றுப்பதின்மூன்று என்று திருத்தலாம். திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் மதிப்பீட்டுப் படிவத்தில் அந்தக் கட்டம் மட்டுமா போகும்? மனசு தன்பாட்டுக்கு லாபம், நஷ்டம் என்று தட்டுகளை ஏற்றி இறக்கியது. பிறந்த புத்தி. தன் கணக்கு தனக்கே பிடிக்காமல் பதில் மெயிலைத் திறந்தான். படத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுதி, காரணத்தையும் எழுதினான். மூன்று கால்கள் வந்ததையும், இரண்டை நீக்கச் சொன்னது தான்தான் என்பதையும். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. வருந்துகிறோம், இதைப் பற்றி வெளியில் பேச வேண்டாம், பக்கம் நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான். நாற்பது மணி நேரம் படிவத்தில் அப்படியே இருந்தது. யாரும் அதை நீக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஷோபா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். மங்கையர்க்கரசி கண் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் பார்வை நின்றது. அடையாளம் தெரிந்தது என்று அவனுக்குப் பட்டது. செருப்பைக்கூட அவள் பார்த்த மாதிரி இருந்தது.

"அம்மா, நான் விருதுநகர் இளங்கோவன்."

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. முப்பது வருஷம் ஊர் முழுக்கக் குரலை இணைத்துக்கொடுத்தவளுக்குச் சொந்தக் குரல் அகப்படவில்லை.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வைக்கு அடியில் கிடந்த இடது கையைப் பிடித்தான். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. எலும்பும் தோலுமான கை, ஆனால் சூடாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். வார்த்தைகள் விலை படியாத சரக்கு மாதிரி திரும்பிப் போயின.

அப்போது அவள் விரல் அவன் உள்ளங்கையை அமுக்கியது.

மண்டியில் அப்பா செய்கிற வேலை அது. வாங்குகிறவன் கைமேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலால் அமுக்குவார். எத்தனை அமுக்கு என்பதுதான் விலை. வாய் ஒன்றும் பேசாது. ஒரு அமுக்கைக் குறைத்து எண்ணினவன் அன்றைக்கு முழுகினான். எட்டு வயதில் அப்பா அவன் கையிலேயே அமுக்கிப் பழக்கிவிட்ட பாஷை. அது தெரிந்த கையால்தான் ஷோபாவின் காகிதத்தில் ஏழாவதை அடித்திருந்தான்.

ஒரு அமுக்கு. நான் நல்லா இருக்கேன் என்கிறாளா? அல்லது இது முதல் அமுக்குத்தானா?

அவன் கையை எடுக்கவில்லை. போர்வைக்கு அடியில், அடுத்தது வருகிறதா என்று காத்திருந்தான். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

"சிஸ்டர், பத்து நிமிஷம்," என்றான். "பத்தே நிமிஷம்."

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு," என்றாள்.

அவன் பேரம் பேசவில்லை.